எண்ணுப்பெயர்களைக் கொஞ்சம் தேய்த்து விடுங்கள்

கேள்வி: என் நாவலுக்காக ஒரு மொழி உருவாக்கி வருகிறேன். பேசுகிறவர்களுக்குக் கைக்கு ஆறு விரல் என்பதால் பன்னிரண்டை அடிமானமாக வைத்தேன், அதாவது நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல் அவர்கள் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுவார்கள். எண்ணுப்பெயர்கள் கணக்குப்படி சரியாக வருகின்றன. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் யாரோ உட்கார்ந்து தயாரித்த மாதிரி இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில்: அடிமானத்தில் கை வைக்க வேண்டாம். விரல் கணக்குதான் அடிமானத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெக்சிகோவின் பாமே மொழிக்காரர்கள் விரல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை எண்ணி எட்டை அடிமானமாக வைத்திருந்தார்கள். பப்புவா நியூ கினியின் ஓக்சாப்மின் மக்கள் ஒரு கைப் பெருவிரலில் தொடங்கி, மூக்கு வரை ஏறி, மறுகைச் சுண்டுவிரலில் இறங்கி 27 வரை எண்ணினார்கள். இருந்தாலும் பன்னிரண்டு நல்ல தேர்வு, இருக்கட்டும்.

உங்கள் சொற்கள் தேயவில்லை, அதுதான் குறை. அன்றாடம் வாயில் புரளும் சொல்தான் முதலில் தேயும். அதனால் சின்ன எண்களில் கோணல்கள் அதிகமாகவும் பெரிய எண்கள் ஒழுங்காகவும் இருப்பது வழக்கம். தமிழில் 'பத்திரண்டு' கிடையாது, பன்னிரண்டுதான். சீன மொழியில் 'பத்து இரண்டு' என்றே நேராகச் சொல்கிறார்கள், ஆனால் நீங்கள் தேடுவது அந்த ஒழுங்கை அல்ல.

முதலில் கூட்டுச்சொல்லை முழுசாக எழுதுங்கள். பிறகு உங்கள் மொழியின் ஒலிமாற்ற விதிகளை அதன்மேல் ஓட்டுங்கள். 12 தோரம், 2 கிசு என்று வைத்துக்கொண்டால் 24 'கிசுதோரம்'. நடுவிலுள்ள உகரம் விழுந்தால் கிஸ்தோரம், இன்னும் தேய்ந்தால் கித்தோரம். 14 'தோரம்கிசு' தோங்கிசு ஆகட்டும். 144-க்கு (பன்னிரண்டு பன்னிரண்டு) மேல் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய எண்ணும் முறை ஒன்றின் மிச்சத்தை எங்கேயாவது விட்டு வையுங்கள். பிரெஞ்சில் 80 என்பது 'நாலு இருபது'. நைஜீரியாவின் யொரூபாவில் 45 என்றால் ஐம்பதுக்கு ஐந்து குறைவு, அந்த ஐம்பதே அறுபதுக்குப் பத்து குறைவு. அவ்வளவு தூரம் போவானேன், நம் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மக்களுக்கு ஒரு கைக்கு ஆறு என்பதால் ஏழு என்பதை 'ஆறு-ஒன்று' எனலாம். கம்போடியாவின் கெமர் மொழியில் ஆறு என்பது 'ஐந்து-ஒன்று'தான். ஆனால் அந்தத் தடயம் ஏழிலும் எட்டிலும் மட்டும் தெரிந்தால் போதும். பன்னிரண்டு வரை இழுத்தால் மறுபடி பழைய ஒழுங்கே வந்துவிடும்.

பலரும் சறுக்குகிற இடம் நூறு. கதையில் 'நூறு வீரர்கள்' என்று எழுதிவிட்டு அதை அப்படியே அந்த மொழிக்கு மாற்றாதீர்கள். அவர்களுக்கு 100 என்பது எட்டுப் பன்னிரண்டும் நாலும், நமக்கு 144 எப்படியோ அப்படி, ரவுண்டாக இல்லாத ஒரு எண். தோராயமாகச் சொல்லும்போது அவர்கள் வாயில் வருவது 144 தான்.

வரிசைப்பெயர்களில் 'முதல்' மட்டும் தனி வேரில் இருக்கட்டும், தமிழிலும் அது ஒன்றிலிருந்து வந்ததல்ல. பூஜ்யத்துக்குச் சொந்தச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம். ஆங்கிலத்தின் 'ஜீரோ'வே அரபியிலிருந்து இத்தாலி வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான். உங்கள் நாவலில் அண்டை நாட்டு மொழி ஒன்று இருந்தால் அங்கிருந்து கடன் வாங்குங்கள்.