கேள்வி – பதில்: பெத்தோவனும் கல்யாண மெட்டும்

கேள்வி: டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் தந்தி வாத்தியக் குழு பெத்தோவனையும் ஊர்க் கல்யாண மெட்டுகளையும் வாசிக்கிறது. இரண்டும் ஒட்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பெத்தோவனே ஒட்டவைத்துக் காட்டியிருக்கிறார். வியன்னாவில் ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கிக்காக 1806இல் எழுதிய மூன்று குவார்டெட்டுகளில் (நால்வர் வாசிக்கும் படைப்புகளில்) முதல் இரண்டில் ரஷ்ய நாட்டார் மெட்டுகள் உண்டு. முதலாவதன் கடைசிப் பகுதியில், மேலே வயலின் ஒரே சுரத்தை அதிரவிட, கீழே செல்லோ (தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) ஒரு ரஷ்ய மெட்டை எடுக்கும். மூலத்தில் அது மெதுவான சோகப் பாட்டு, பெத்தோவன் ஓடவிட்டுவிட்டார்! டேனிஷ் குழு 2014இல் வெளியிட்ட 'வுட் வொர்க்ஸ்' தொகுப்பில் டென்மார்க்கின் ஃபானோ தீவிலுள்ள சோன்னர்ஹோ ஊரின் கல்யாண மெட்டுகளைக் கேட்கலாம்.

கேள்வி: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ இருக்கிறோம். நாட்டார் நடன மெட்டு ஒன்றை நால்வருக்கும் எப்படிப் பிரிப்பது? (வாசகர், கோவை)

பதில்: முதலில் சுருதி. டி, ஜி, ஏ என்ற மேற்கத்தியச் சுரங்களில் ஒன்றை ஆதாரமாக வையுங்கள். அப்போதுதான் விரல் வைக்காத வெறுந்தந்தி தம்பூரா வேலை செய்யும். பி-ஃபிளாட்டில் எடுத்தால் ஆதாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் வெறுந்தந்தி கிடைக்காது. பாதி உயிர் அங்கேயே போய்விடும்.

எட்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட இரண்டு அடிகள், ஒவ்வொன்றும் இருமுறை என்றால் ஒரு சுற்று 32 பார். முதல் சுற்றில் ஒரே வயலின் தனியாக. இரண்டாவதில் வயோலா வெறுந்தந்திச் சுருதி பிடிக்கட்டும். செல்லோ மூன்றாவதில்தான் நுழைய வேண்டும். மூன்று தட்டு பார், நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் மூன்று சுற்றும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து வாசிப்பதே வழக்கம்.

கெடுவது பெரும்பாலும் செல்லோவில். ஒவ்வொரு தட்டுக்கும் நீள வில் இழுத்தால் நடனம் நொண்டும். குறுகிய வில் போட்டு உடனே விடுங்கள், அல்லது விரலால் மீட்டுங்கள். இன்னொன்று வைப்ரேட்டோ, அதாவது விரலை ஆட்டிச் சுரத்தை அசைப்பது: அசையாத வெறுந்தந்திக்குப் பக்கத்தில் ஆடும் சுரம் உரசும். நாட்டார் பகுதியில் அதை அறவே குறையுங்கள்.

கேள்வி: வயலினை வேறு மாதிரி சுருதி சேர்ப்பார்களாமே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஸ்காண்டிநேவிய நாட்டார் வாசிப்பில், வழக்கமான ஜி-டி-ஏ-ஈக்குப் பதில் ஏ-ஈ-ஏ-ஈ உண்டு. நம் ஸ-ப-ஸ-ப அமைப்பேதான்! ஜி, டி தந்திகளை ஒரு முழுச்சுரம் ஏற்ற வேண்டும். அவற்றின் இழுவிசை கால்பங்குக்குமேல் கூடும், மற்ற இரண்டும் இறங்கிவிடும். ஒரு முறை சரிசெய்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மேடையில் அந்தத் தலைவலி எதற்கு? முன்பே சுருதி சேர்த்த இரண்டாவது வயலின் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ஐந்தாவது குவார்டெட்டில் தாளம் பிடிபடவில்லையே? (வாசகி, மதுரை)

பதில்: 1934இல் எழுதியது, நீங்கள் தடுமாறியது அநேகமாக மூன்றாம் பகுதியில். பல்கேரிய நடன நடை அது, 4+2+3. 'தகதிமி தக தகிட' என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள், ஒன்பது எண்ணிக்கை கொண்ட நம் சங்கீர்ணம்! நடுவில் வருவது 3+2+2+3: 'தகிட தக தக தகிட'.

கேள்வி: எப்போது கைதட்டுவது? (வாசகர், சேலம்)

பதில்: நடன மெட்டுகளுக்கு, கோத்து வாசிக்கும் ஒவ்வொரு மெட்டுத் தொகுதியும் முடிந்ததும். பெரிய படைப்புகளில் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகு. இடைவெளியை எண்ணி ஏமாறாதீர்கள்: மேலே சொன்ன முதல் ரசுமோவ்ஸ்கி குவார்டெட்டில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதற்குள் போய்விடும். நால்வரும் வில்லைத் தாழ்த்தும்வரை பொறுங்கள்.