பிரவுசர் வழி நேரடி அழைப்பும் நம் ஐபி முகவரியும்: கேள்வி பதில்

பிரவுசரிலேயே நேரடியாகப் பேச உதவும் வெப்ஆர்டிசி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எந்த ஆப்பும் இறக்காமல் பிரவுசரில் வீடியோ கால் எப்படி நடக்கிறது? நடுவில் சர்வரே கிடையாதா?

அதற்கான எல்லாமே பிரவுசருக்குள் இருக்கிறது. 2011ல் கூகுள் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. சஃபாரி 2017ல்தான் வந்து சேர்ந்தது. 2021 ஜனவரியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முறையான தரநிலையாக அறிவித்தது.

சர்வர் இல்லாமல் ஆகாது. இரண்டு பிரவுசர்களும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஒன்று வேண்டும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குத் தன் வெளி ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், தெரியாது. அதை ஸ்டன் என்ற சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். வழி கிடைத்துவிட்டால் படமும் குரலும் நேராகப் போகும். கிடைக்காவிட்டால் டர்ன் என்ற இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும்.

விபிஎன் (நம் ஐபியை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டிருந்தும் ஒரு சோதனைத் தளம் என் உண்மையான ஐபியைக் காட்டிவிட்டது. எப்படி சார்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். அழைப்புக்கு நல்ல பாதை வேண்டும் என்பதற்காக, எந்தெந்த முகவரிகளில் தன்னை எட்டலாம் என்று பிரவுசர் ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் படித்துவிடலாம். கேமராவுக்கு அனுமதி கேட்கும் பிரவுசர், இதற்கு எதுவும் கேட்பதில்லை.

2015ல் இது பெரிய பேச்சானது. அதன் பிறகு வீட்டு வலைக்குள் மட்டும் பயன்படும் ஐபி முகவரியை மறைத்து, '.லோக்கல்' என்று முடியும் ஒரு தற்காலிகப் பெயரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நீங்கள் ஒரு தளத்துக்குக் கேமரா அல்லது மைக் அனுமதி கொடுத்த உடனே அந்த மறைப்பு விலகிவிடும். கணினியில் உள்ள எல்லா இணைப்புகளையும் தேடிப் பார்க்க, விபிஎன்னுக்கு வெளியே இருப்பதையும் சேர்த்து, பிரவுசருக்கு அப்போது உரிமை வந்துவிடுகிறது. அனுமதிப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. எனக்கு இதில்தான் பெரிய மனக்குறை.

உங்கள் விபிஎன் பிரவுசர் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) மட்டும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வெப்ஆர்டிசி பெரும்பாலும் யூடிபி என்ற அனுப்பும் முறை வழியாகப் போகும்; அந்த நீட்சிகள் பலவும் யூடிபியைத் தொடுவதே இல்லை. கணினி முழுவதற்குமான விபிஎன் பரவாயில்லை. அதிலும் புதிய வகை முகவரியான ஐபிவி6 கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்போ வெப்ஆர்டிசியை அணைத்துவிடலாமா அண்ணா?

பிரவுசரில் கால் பேசாதவர் என்றால் தாராளமாக அணைக்கலாம் தம்பி. ஃபயர்பாக்ஸில் அபௌட்:கான்ஃபிக் பக்கம் போய் 'மீடியா.பியர்கனெக்‌ஷன்.எனேபிள்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். பிரேவ் பிரவுசரில் அமைப்புகளிலேயே, ஐபியை எப்படிக் கையாள வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். குரோமில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லை, நீட்சிதான் போட வேண்டும். அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் பிரவுசரில் வெப்ஆர்டிசியே கிடையாது.

அதற்காக இதை ஒரேயடியாக வெறுக்கவும் வேண்டாம். தணிக்கை உள்ள நாடுகளில் டோர் வலையை எட்ட உதவும் ஸ்னோஃப்ளேக் என்ற கருவி ஓடுவது இதே வெப்ஆர்டிசியில்தான்.

பேசுவதை யாராவது ஒட்டுக்கேட்க முடியுமா?

வழியில் இருப்பவரால் முடியாது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) கட்டாயம், அணைக்கவே வழியில்லை. ஆனால் இரண்டு பிரவுசர்களும் ஒன்றையொன்று அடையாளம் காணும் சாவி ரேகை (மறையாக்கச் சாவியின் கைரேகை போன்ற அடையாளம்), அழைப்பை ஏற்பாடு செய்யும் சர்வர் மூலமாகத்தான் வருகிறது. அந்தச் சர்வர் நினைத்தால் ரேகையை மாற்றி நடுவில் உட்காரலாம். குழு அழைப்பில் எல்லாருடைய படமும் ஒரு சர்வருக்குப் போய்ப் பிரிகிறது. பேசுபவர்கள் மட்டுமே திறக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கத்தைத் தனியாகச் சேர்க்காவிட்டால் அந்தச் சர்வரால் பார்க்க முடியும்.

செய்தி மட்டும் படிக்கிற தளத்துக்கு இது எதற்கு?

பின்தொடர்வதற்கு. 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்ததைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் இருந்த ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்கள் போனுக்குள்ளேயே சில போர்ட்களில் (ஆப்கள் தகவல் வாங்கும் வாசல்கள்) காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. மெட்டா பிக்சல் என்ற பின்தொடரும் ஸ்கிரிப்ட் உள்ள ஒரு தளத்தைத் திறந்தால், அந்த ஸ்கிரிப்ட் தன் குக்கீயின் (உங்களை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் குறிப்பு) மதிப்பை வெப்ஆர்டிசியின் இணைப்பு விவரத்துக்குள், பயனர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், செருகி அதே போனில் உள்ள ஆப்புக்கு அனுப்பியது. ஆப்பில் நீங்கள் யார் என்பது தெரியும். இன்காக்னிட்டோவில் படித்தாலும், குக்கீயை அழித்தாலும் பயனில்லை. விஷயம் வெளியே வந்ததும் மெட்டா நிறுத்திக்கொண்டது. குரோமும் அந்த வழியை அடைக்க மாற்றங்கள் செய்தது. பேசுவதற்காகக் கட்டிய பாதையை இப்படிப் பயன்படுத்தியது நம்பிக்கைத் துரோகம்.

வேலை நிமித்தம் முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு என் ஐபி தெரியுமா?

இருவர் மட்டும் நேராகப் பேசினால் தெரியும். அதை வைத்து உங்கள் இணைய நிறுவனத்தையும் உத்தேசமான ஊரையும் கண்டுபிடிக்கலாம், வீட்டு எண்ணை அல்ல. தொல்லை கொடுக்க நினைப்பவருக்கு அதுவே அதிகம். சிக்னல் ஆப்பில் அழைப்புகளை எப்போதும் இடைச் சர்வர் வழியாக அனுப்பும் அமைப்பு உண்டு. வாட்ஸ்அப்பிலும் அழைப்பின்போது ஐபியை மறைக்கும் அமைப்பு 2023ல் வந்துவிட்டது. தரம் கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை, போட்டுவிடுங்கள்.

ஆலோசனை வழங்கும் ஒரு தளம் கட்டுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

இணைப்பை உருவாக்கும்போது 'ஐஸ் டிரான்ஸ்போர்ட் பாலிசி'யில் 'ரிலே' என்று கொடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குப் போகாது. டர்ன் சர்வர் செலவு கூடும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கம் திறந்ததுமே மைக் கேட்காதீர்கள். அழைப்புப் பொத்தானை அழுத்திய பிறகு கேளுங்கள். அப்புறம் குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு அழைப்பு செய்து பாருங்கள். உங்கள் பக்கம் அனுப்பும் முகவரி வரிகள் எல்லாவற்றிலும் 'ரிலே' என்றே இருக்க வேண்டும். 'ஹோஸ்ட்' (கணினியின் சொந்த முகவரி) என்று ஒரு வரி தென்பட்டாலும் அமைப்பு சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம்.