‘டக் டக்’ சத்தம் வரும் ஹார்டு டிஸ்க்: செக்டிஸ்க் போடாதீர்கள்

நண்பரே, தண்டையார்பேட்டை ஸ்டுடியோவில் கரண்ட் போய் வந்ததிலிருந்து 1 டிபி டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம், கல்யாணப் படங்கள் திறக்கவே பத்து நிமிடம், செக்டிஸ்க் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது விண்டோஸில் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது கோப்புகளின் அடுக்குமுறையைச் சரிசெய்யும் கருவி, டிஸ்க்கின் பழுதை அல்ல. நோஞ்சான் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் ஓடவிட்டு மிச்ச உயிரையும் எடுத்துவிடும்.

சத்தம் விடாமல் வந்தால் இப்போதே ஆஃப் செய்யுங்கள். உள்ளே சுழலும் தட்டில் எழுதிப் படிக்கும் ஹெட் அடிவாங்கியிருக்கலாம். மூடியைத் திறக்காதீர்கள், ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது, நம்ம ஊர்த் தூசி ஒன்று போதும். ஃபிரிட்ஜில் வைக்கும் வித்தையும் வேண்டாம். நேராக ரெகவரி ஆட்களிடம் போங்கள், செலவு கடிக்கத்தான் செய்யும்.

எப்போதாவதுதான் சத்தம் என்றால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுங்கள். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில்தான் திரும்பும். நகல் கைக்கு வந்த பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்கச் சிரமப்படும் பகுதிகள்) வரிசைகளைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

ராயபுரத்தில் நானும் இப்படி ஒரு டிஸ்க்கைப் பறிகொடுத்தேன். பேக்கப் இருந்தது, ஆனால் அதே டிஸ்க்கின் டி டிரைவில்! இப்போது ஒரு யூபிஎஸ், வீட்டு பீரோவில் இன்னொரு டிஸ்க். ஒவ்வொரு ஞாயிறும் நகல்.

சத்தம் விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்தா? அதை மட்டும் சொல்லுங்கள்.