கூட்டம் பொம்மைகளாக நிற்கிறதா?

வணக்கம். அக்ரிலிக் வண்ணத்தில் கடைத்தெருவை வரைந்தால் ஆட்கள் ஒட்டிவைத்த பொம்மைகள் போல நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படத்தைப் பார்த்தேன். கடைசி வரிசை ஆளுக்குக்கூட சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

பாரிஸின் கபுசின் பெருவீதியை பிரெஞ்சு ஓவியர் மோனே 1873-இல் மாடியிலிருந்து பார்த்து வரைந்த ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டத்தில் யாருக்கும் முகம் இல்லை. கருந்தீற்றல்தான் ஆள். அந்த ஓவியம் வைக்கப்பட்ட 1874 பாரிஸ் கண்காட்சியில் லூயி லெரோய் என்ற விமர்சகர் இதைத்தான் கிண்டலடித்தார். ஆனால் கூட்டம் நகர்கிற உணர்வே அந்தத் தீற்றல்களால்தான் வருகிறது. எனக்கு மிகப் பிடித்த தெருக்காட்சி அது.

உங்கள் படம் தரையில் நின்று பார்ப்பது. அப்படியானால் உங்கள் உயரமுள்ளவர்களின் தலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். தூரத்து ஆள் சிறுத்தாலும் தலை இறங்காது, பாதம்தான் மேலே ஏறும். நீங்கள் தலையை இறக்கிவிட்டதால் பின்னால் நிற்பவர்கள் குழந்தைகளாகத் தெரிகிறார்கள்.

அப்புறம், ஆட்களைத் தனித்தனியாக வரையாதீர்கள். ஐந்தாறு பேரை ஒரே நிறத் திட்டாகப் போட்டு, அதில் ஒரு தோள், ஒரு கூடை மட்டும் பிரித்துக் காட்டினால் போதும். முகம் முன்னால் வரும் ஒருவருக்கு மட்டும். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். கால்களையும் தரையையும் ஈரத்தோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். திருத்தியதும் படத்தைப் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.