கல்லறைச் சிலைகளில் ராணிகளின் உடை: கேள்வி பதில்

கேள்வி: பிரான்சின் ஃபான்டெவ்ரோ மடத்தில் இங்கிலாந்து ராணி அக்கிட்டேன் எலினோர் சிலையில் இருப்பவை அவர் உடுத்திய நிறங்களா?

பதில்: இல்லை. அவர் இறந்தது 1204இல். இப்போதுள்ள பூச்சில் 19ஆம் நூற்றாண்டின் கை பட்டிருக்கிறது. நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்: தாடையைச் சுற்றிய துணி, மேலே முக்காடு, அதற்கும் மேலே கிரீடம். கல்யாணமான பெண் தலையை மூடியிருந்த காலம் அது.

கேள்வி: லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயச் சிலையில் இன்னொரு இங்கிலாந்து ராணி காஸ்டீல் எலினோர் கூந்தலை விரித்திருக்கிறாரே அக்கா?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க தம்பி. அவரும் பிள்ளைகள் பெற்றவர்தான். ஆனால் ராணிக்கு முடிசூட்டும்போது கூந்தலை அவிழ்த்து விடுவார்கள். பொற்கொல்லர் வில்லியம் டோரல் 1291இல் வெண்கலத்தில் வார்த்து முலாம் பூசியது அந்தக் கோலம். இடது கையைப் பாருங்கள், மேற்போர்வையின் கயிற்றைப் பிடித்திருக்கும். தலை தலையணையில் இருக்கிறது, துணி மடிப்புகளோ பாதம் வரை நேராக இறங்குகின்றன. படுத்தவர் மேல் துணி அப்படி விழாது. நிற்கும் ராணியைச் செய்து படுக்க வைத்திருக்கிறார்.

கேள்வி: சில ராணிச் சிலைகளில் தெரியும், அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை பக்கவாட்டில் திறந்த மேலங்கி, சிற்பியின் கற்பனைதானே? யார் அப்படி உடுத்துவார்கள்?

பதில்: உடுத்தினார்கள், துணியே கிடைத்திருக்கிறது! ஸ்பெயினில் பூர்கோஸ் நகரின் லாஸ் வெல்காஸ் மடத்தில் அரச குடும்பக் கல்லறைகளைத் திறந்தபோது, 1244இல் இறந்த அரகோன் ராணி லியோனோரின் உடைகள் வெளிவந்தன. அவற்றில் இந்த மேலங்கியும் உண்டு. அங்கே அதன் பெயர் பெயோத்தே. உள்ளே போட்ட அங்கி பக்கவாட்டில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் திறப்பு.

கேள்வி (அதே நண்பர்): அது ஸ்பெயின். இங்கிலாந்துக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம், சரிதான். 1437இல் இறந்த இங்கிலாந்து ராணி நவார் ஜோனின் சிலை அங்கே கேன்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது. அவரும் இதே மாதிரி மேலங்கியில்தான் இருக்கிறார். அதற்குள் அது அன்றாட உடையாக இல்லை, ராணி என்று காட்டும் சடங்கு உடையாகிவிட்டது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சிலை அந்தஸ்தைச் சொல்லும், அன்று காலை என்ன உடுத்தினார் என்று சொல்லாது.

கேள்வி: அக்கிட்டேன் எலினோர் உடை நீலமா?

பதில்: நிறம் பற்றி முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: முகமாவது நிஜமா?

பதில்: டோரல் செய்தது பொதுவான அழகு முகம். ஆனால் 1369இல் இறந்த இங்கிலாந்து ராணி ஹைனோ பிலிப்பாவின் சிலையை அவர் உயிரோடிருந்தபோதே சிற்பி ழான் த லியேஜிடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். பருத்த கன்னம், நடுவயது உடம்பு. அந்த முகத்தை நான் நம்புகிறேன்.

கேள்வி: நாடகத்துக்குத் தைக்க அளவு கிடைக்குமா?

பதில்: தையல் என் துறை இல்லை. சிலையை வைத்து வெட்டாதீர்கள், லாஸ் வெல்காஸ் துணிகளைப் பாருங்கள்.