கண்ணீர் நெடுஞ்சாலையில் பேருந்து: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில் உள்ள 16ஆம் நெடுஞ்சாலையைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பை, பூர்வகுடிகளைப் பங்காளிகளாகக் கொள்ளாத போக்குவரத்துத் திட்டம் அரைகுறைத் திட்டமே என்று முடித்திருந்தீர்கள். நான் போக்குவரத்துப் பொறியியல் படிக்கும் மாணவன். மக்கள்தொகை, தூரம், பயணிகள் எண்ணிக்கை, செலவு ஆகியவற்றைக் கொண்டு போடும் கணக்கே பேருந்துத் தடம் என்றுதான் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். கணக்கைப் போடுபவர் மாறினால் விடையும் மாறுமா? ஒவ்வொரு சமூகத்தையும் அழைத்துப் பேசிக்கொண்டிருந்தால் பேருந்து வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகிவிடாதா? மக்கள் அடர்த்தி இல்லாத இடத்தில் காலியாக ஓடப்போகும் வண்டிக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

க., மிஸ்ஸிசாகா

அன்புள்ள க.,

தாமதம் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு அந்த நெடுஞ்சாலையின் வரலாறே விடை சொல்கிறது. உங்கள் முதல் கேள்வியும் அதிலேயே பாதி தெளிந்துவிடும்.

பிரின்ஸ் ஜார்ஜ் நகரிலிருந்து பசிபிக் கரையில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட் வரை அந்தச் சாலை ஏறத்தாழ 720 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் ஓரத்தில் காணாமற்போனவர்களிலும் கொலையுண்டவர்களிலும் பலர் பூர்வகுடிப் பெண்கள். அதனால்தான் அதற்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்ற பெயர் வந்தது. கனடியக் கூட்டரசுக் காவல்துறையின் 'ஈ-பானா' சிறப்பு விசாரணை, இந்தச் சாலையையும் இதனோடு தொடர்புடைய வேறு நெடுஞ்சாலைகளையும் சேர்த்து, 1969 முதல் 2006 வரையிலான 18 பேரின் வழக்குகளை எடுத்துக்கொண்டது. உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பெரிது என்றே குடும்பத்தினர் தொடர்ந்து கூறிவருகின்றனர். மருத்துவமனைக்கும் கடைக்கும் நீதிமன்றத்துக்கும் அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில், சொந்த வண்டி இல்லாதவர்களுக்குச் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்பதே வழியாக இருந்தது.

2006 மார்ச்சில் லெய்ட்லி டெனே மக்களும் கேரியர் செகானி குடும்ப சேவைகள் அமைப்பும் வேறு சில பூர்வகுடி அமைப்புகளும் சேர்ந்து பிரின்ஸ் ஜார்ஜில் ஒரு மாநாட்டைக் கூட்டினர். அதன் அறிக்கை 33 பரிந்துரைகளை முன்வைத்தது. நெடுஞ்சாலையின் முழு நீளத்துக்கும் ஊருக்கு ஊர் சிறு பேருந்து ஓட வேண்டும் என்பதே அவற்றில் முதலாவது. காணாமற்போன பெண்களைப் பற்றி விசாரித்த வாலி ஓப்பல் ஆணையத்தின் 2012 டிசம்பர் அறிக்கை, வடபகுதிக்கு, குறிப்பாக இந்தச் சாலைக்கு, மேம்பட்ட பொதுப் போக்குவரத்தை அமைக்க உடனடியாக உறுதியளிக்க வேண்டும் என்றது. மாகாணப் போக்குவரத்து அமைச்சகமோ முழு நீளத்துக்கும் பேருந்து என்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லிவந்தது. இந்த நெடுஞ்சாலை தொடர்பான கூட்டங்களைப் பற்றித் தகவல் கோரப்பட்டபோது அமைச்சர் அலுவலகத்தில் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதை விசாரித்த மாகாணத் தகவல் ஆணையர் எலிசபெத் டென்ஹாம் 2015 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை அரசைக் கடுமையாகச் சாடியது. அடுத்த மாதம் ஸ்மிதர்ஸ் என்ற சிற்றூரில் பூர்வகுடிகளின் சுகாதார ஆணையமும் அரசும் சேர்ந்து மறுபடியும் ஒரு கூட்டத்தை நடத்தின. 2015 டிசம்பரில் நிதியோடு கூடிய திட்டம் அறிவிக்கப்பட்டு, 2016இல் விரிவாக்கப்பட்டது. 2017 ஜனவரி இறுதியில் ஸ்மிதர்ஸுக்கும், அங்கிருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விட்செட் என்னும் வெட்சுவெட்டன் மக்களின் ஊருக்கும் இடையே முதல் பேருந்து ஓடியது.

மாநாட்டுக்கும் அந்தப் பேருந்துக்கும் இடையில் கழிந்த காலத்தைப் பாருங்கள். கலந்துபேசியதால்தான் அது கழிந்தது என்று எந்தப் பகுதியையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அந்த ஆண்டுகளில் அரசு எவரையும் சந்திக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை; சந்திப்புகள் நடந்தன. ஆனால் பூர்வகுடிகள் 2006லேயே எழுதிக் கொடுத்துவிட்ட விடையை மறுபடியும் கேள்வியாக்கி அவர்கள் முன் வைப்பதற்கு அவற்றில் பல பயன்பட்டன. முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு தராமல் கருத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் இப்படித்தான் கரையும்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். கணக்கின் விதிகள் யாருக்கும் மாறுவதில்லை. அதற்குள் எவை எண்ணாக நுழைகின்றன என்பதே மாறுகிறது. அந்தச் சாலையில் ஏற்கெனவே கிரேஹவுண்ட் என்ற தனியார் நிறுவனத்தின் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் விற்ற பயணச்சீட்டுகளை மட்டும் எண்ணினால் தேவை குறைவு என்றுதான் தெரியும். கட்டணம் கொடுக்க இயலாதவரும், தம் ஊரில் நிறுத்தம் இல்லாததால் சாலையில் இறங்கி நடந்தவரும், லிஃப்ட் கேட்டுப் போனவரும், பயணத்தையே கைவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்தவரும் அந்த எண்ணிக்கையில் சேரவில்லை. அவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் எங்கே போக வேண்டியவர்கள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டுத் திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பேருந்துத் தடங்களோடு, ஊர்களே தமக்கான வண்டியை வாங்கி ஓட்டிக்கொள்வதற்கான மானியம், நிறுத்தங்களில் கூரைகளும் கேமராக்களும், ஓட்டுநர் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெற்றன. ஓட்டுநர் உரிமம் ஒரு பொதுப் போக்குவரத்துத் திட்டத்துக்குள் எதற்கு என்று உங்கள் பேராசிரியர் கேட்கக்கூடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் வண்டி ஓட்ட வேண்டுமானால், முழு உரிமம் உள்ள, 25 வயது நிரம்பிய ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். வீட்டில் வண்டியும் இல்லை, உரிமம் பெற்ற பெரியவரும் இல்லை, தேர்வு மையமோ தொலைவிலுள்ள நகரத்தில் என்றால், ஓர் இளைஞர் உரிமம் பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம். உரிமம் பெற்றவர் இல்லாத ஊருக்கு வண்டி வாங்க மானியம் கொடுத்தாலும் அதை ஓட்ட ஆள் இருக்காது. இந்தச் சிக்கல் எந்தப் பயணிகள் கணக்கெடுப்பிலும் வெளிப்படாது. பயிற்சியை நடத்தும் பொறுப்பு, 2006 மாநாட்டைக் கூட்டியவர்களுள் ஒன்றான கேரியர் செகானி குடும்ப சேவைகள் அமைப்பிடமே சென்றது. கைப்பேசி இணைப்பு கிடைக்காத பகுதிகளை ஒழிக்க வேண்டும் என்றும் அதே மாநாட்டு அறிக்கை கேட்டிருந்தது. அங்கு 252 கிலோமீட்டர் தூரத்துக்குக் கோபுரங்கள் அமைக்கும் அறிவிப்பு வர 2021 ஆயிற்று.

காலி வண்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் காலையும் மாலையும் ஒரு கிராமத்துக்குள் வந்துபோகும் டவுன் பஸ் லாபத்தில் ஓடுகிறதா என்று கேட்டு அதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. இலாபத்தை மட்டும் அளவுகோலாக வைத்ததன் விளைவும் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. 2018 ஜூனில் கிரேஹவுண்ட் அந்தத் தடத்தைக் கைவிட்டது. அக்டோபர் முடிவில் மேற்குக் கனடாவை விட்டே ஏறக்குறைய வெளியேறியது. நெடுந்தூரப் பயணத்துக்கு 'பிசி பஸ் நார்த்' என்ற சேவையை மாகாணமே அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தது.

பணத்தில் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த மாகாணத்தில் உள்ளூர்ப் பேருந்துச் செலவை மாகாணமும் உள்ளூராட்சியும் பகிர்ந்துகொள்வது வழக்கம். உள்ளூராட்சி தன் பங்கைச் சொத்துவரி மூலமும் கட்டணம் மூலமும் திரட்டுகிறது. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்கள் நகராட்சியின் வரி எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே நகர எல்லையோடு பேருந்து திரும்பிவிடுவதற்கு யாருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லை. நிதி விதியே அதற்குப் போதுமானதாக இருந்தது. 16ஆம் நெடுஞ்சாலைத் தடங்களுக்கு, வண்டிகளின் விலையையும் இயக்கச் செலவின் பெரும்பகுதியையும் மாகாணம் ஏற்ற பிறகே அவை ஓடத் தொடங்கின. பங்காளித்துவம் என்ற பெயரில் வெளியாகும் அறிக்கைகளைப் படிக்கும்போது, நிதிப் பகிர்வுப் பத்தியை முதலில் தேடிப் படியுங்கள். அந்தப் பத்தி இல்லாத அறிக்கைகள் பெரும்பாலும் புகைப்படங்களுக்காகத் தயாரிக்கப்பட்டவை.

பங்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கனடாவிலேயே இன்னொரு சான்று உண்டு. கியூபெக்கின் ஷெஃபர்வில் பகுதிக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. அங்கே செல்லும் ரயில்பாதையின் வடபகுதியை, அதுவரை அதை வைத்திருந்த இரும்புச் சுரங்க நிறுவனம் கைவிட முன்வந்தபோது, இன்னு என்ற பூர்வகுடியின் இரண்டு சமூகங்களும் நஸ்காப்பி என்ற பூர்வகுடியின் ஒரு சமூகமும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டன. 2005 முதல் 'ஷிவேட்டின்' என்ற அவர்களது நிறுவனம் பயணிகள் ரயிலை நடத்திவருகிறது. வேட்டை முகாம்களுக்குச் செல்பவர்களுக்காக வழியில் காட்டுக்குள்ளும் அந்த ரயில் நிற்கும். நிறுத்தத்தைத் தீர்மானிப்பவர்களும் அதில் இறங்குபவர்களும் ஒரே மக்கள் என்பதால், அங்கே எதற்காக நிற்க வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. கூட்டரசின் மானியம் இல்லாமல் அது ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; உடைமை என்பது தன்னளவில் செலவைக் குறைப்பதில்லை.

அந்த அளவுகோலில் 16ஆம் நெடுஞ்சாலை இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. தொடங்கியபோது நெடுந்தூரப் பேருந்து ஒவ்வொரு திசையிலும் வாரத்துக்கு இரு முறை மட்டுமே ஓடியது. பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தோடு தன் சட்டங்களை இணங்கச் செய்வதாக 2019இல் சட்டம் இயற்றியது இதே மாகாணம்தான். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊருக்குள் வண்டி திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் விட்செட்டுக்கும் ஸ்மிதர்ஸுக்கும் சமமான வாக்கு இருக்குமா என்பதே நான் அந்தச் சட்டத்திடம் கேட்க விரும்பும் கேள்வி. உங்கள் துறையில் ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்களானால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்