இடிக்கச் சொல்கிற நான் மட்டும் பாசம் இல்லாதவனா?

வணக்கம்.

எனக்கு 49 வயது. அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் அம்மா, மனைவி, மகளோடு இருக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது தெரு முழுக்க இப்படிப்பட்ட வீடுகள்தான். கடந்த எட்டு வருடத்தில் ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எங்கள் வீடு மட்டும்தான் மிச்சம். இரண்டு பக்கமும் ஐந்து மாடி எழும்பிவிட்டதால் பகலிலேயே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியபோது அம்மா படுக்கிற அறையின் சுவரில் விரிசல் விட்டது. தெருவை உயர்த்திக்கொண்டே போனதில், மழை பெய்தால் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வருகிறது.

பக்கத்து மனையை வாங்கிய பில்டர் எங்கள் இடத்தையும் கேட்கிறார். எங்களுக்கு இரண்டு ஃபிளாட் தருவாராம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

அக்காவும் தம்பியும் வெளியூரில் இருக்கிறார்கள். இரண்டு பேருமே கூடாது என்கிறார்கள். "அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு, இடிக்க உனக்கு எப்படிடா மனசு வருது?" என்று அக்கா போனில் அழுதாள். வருடத்துக்கு ஒரு தடவை வருவார்கள், திண்ணையில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ராத்திரி மழை வந்தால் எழுந்து ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்கிறவன் நான். ஓடு மாற்ற ஆள் தேடி அலைகிறவன் நான். அம்மாவோ எது கேட்டாலும் "நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்பதோடு சரி.

அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு "வீட்டைப் பார்த்துக்கோடா" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பெருமழை பெய்த இரவில், இந்தக் கூரை தானாகவே விழுந்து தொலைந்தால் நல்லது என்று நினைத்துவிட்டேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். கூரை விழட்டும் என்று நினைத்தது அம்மாவுக்குக் கேடு நினைத்ததாகாது. முடிவெடுக்கிற பாரம் உங்கள் தலையிலிருந்து இறங்க வேண்டும், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாதபடி அது தானாக நடந்துவிட வேண்டும் என்று ஏங்கியிருக்கிறீர்கள். வருடக்கணக்கில் ஒருவரைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறவர்கள் பலர் இதே போன்ற நினைப்பை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். களைப்பின் உச்சியில் வருகிற நினைப்பு இது. ஆனால் தூக்கம் கெட்டு ஒரு மாதம் ஆகிறது என்பதை லேசாக விட முடியாது. ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

உங்கள் அக்காவின் அழுகையும் பொய்யில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியை 1950களின் கடைசியில் மறுசீரமைப்பு என்ற பெயரில் இடித்தார்கள். அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி மார்க் ஃப்ரைடு என்ற உளவியலாளர் 1963-ல் எழுதினார். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் படுகிற துக்கத்தை அவர்களில் பலரிடம் அவர் கண்டார். வீட்டோடு சேர்த்து, பழகின தெருவையும் மனிதர்களையும் அவர்கள் இழந்திருந்தார்கள்.

இதை அக்காவுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் தெரு ஏற்கெனவே போய்விட்டது. வெளிச்சம் போய்விட்டது, எதிர்வீட்டு மனிதர்கள் போய்விட்டார்கள். இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு, கண்ணெதிரே மாறிப்போன அந்த இடத்துக்காக ஏங்குகிற வேதனைக்கு கிளென் ஆல்பிரெக்ட் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் சோலஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். சுரங்கங்களால் உருக்குலைந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பார்த்து அவர் உண்டாக்கிய சொல் அது. அக்காவும் தம்பியும் மனதில் வைத்திருக்கிற வீடு, அவர்கள் கிளம்பிப்போன அன்று இருந்த வீடு. அதன் பிறகு நடந்ததையெல்லாம் தினம் தினம் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே அவர்களுக்கு முன்பே நீங்கள் துக்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது பாசமில்லாதவன் செய்கிற காரியமா?

அப்பாவின் வார்த்தைக்கு வருவோம். "வீட்டைப் பார்த்துக்கோ." நம் பேச்சில் வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமா? "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்கிறோம், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறோம். உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதர் ஓட்டையும் உத்தரத்தையும் நினைத்திருப்பாரா, உங்கள் அம்மாவை நினைத்திருப்பாரா? அவரோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த உங்களுக்குத்தான் அது தெரியும். நீங்கள் தலையாட்டியது எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. மூன்று பேரும் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குள் பிளவு வரக்கூடாது என்று வாயை மூடிக்கொள்கிற தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "இடிக்கலாமா" என்று கேட்டால் அவர் ஒருபோதும் பதில் சொல்லமாட்டார். வேறு மாதிரி கேளுங்கள். இந்த வீட்டில் எந்த இடம் பிடிக்கும், எது பயமாக இருக்கிறது, படி ஏற முடிகிறதா, வேறிடம் போக நேர்ந்தால் கூடவே எது வர வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தானே வளர்ப்பது, அறையைத் தன் விருப்பப்படி அமைப்பது போன்ற சின்னச் சின்ன முடிவுகள் கைக்கு வந்தவர்கள், எல்லாமே பிறர் செய்துதரப் பெற்றவர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். பழைய வீடோ புதிய ஃபிளாட்டோ, அம்மா கேட்கப்பட்டு அங்கே இருப்பதற்கும் கொண்டுபோய் வைக்கப்படுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இடிக்க நினைப்பது துரோகமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு பில்டருடையது, உங்களுடையதல்ல. அதற்கு முன்பு பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தரையை உயர்த்தவும் கூரையைப் பிரித்து மேயவும் முடியுமா, என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை அக்காவுக்கும் தம்பிக்கும் அனுப்பி, "வீடு நிற்க வேண்டுமென்றால் இதில் உங்கள் பங்கு எவ்வளவு, வருடத்தில் எத்தனை நாள் இங்கே வந்து இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள், நிஜமாகவே அவர்கள் சரி என்று சொல்லக்கூடும். முடிந்தால் இந்த முறை மழைக்காலத்தில் ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். பாத்திரம் வைக்க அவர்களும் எழுந்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் சில வாரம் ஆகும். பொறியாளர் வந்து சொல்லும்வரை காத்திருக்காமல், இன்றைக்கே அம்மாவின் கட்டிலை அந்த விரிசல் விட்ட சுவரின் அறையிலிருந்து வேறு அறைக்கு மாற்றிப் போடுங்கள். எந்த அறை வேண்டும் என்று அவரிடமே கேட்டு.